அடிக்கட்டு ஈரம்

காகிதம் குடித்த தண்ணீருக்காக ஒரு பெண்ணைப் போலீஸில் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று தியாகராசன் வந்து உட்கார்ந்தபோது, விஜி மோர் குடித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு தண்ணீர் என்று கேட்டாள்.

இருபத்து நான்கு சதவீதம் என்றார் அவர்.

"இந்த மோர்ல அதைவிட அதிகம்" என்றேன் நான்.

விஜி என்னைப் பார்க்கவில்லை. மோர் கலந்தது நான்தான்.

கீழவாசலில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். பலகையில் விஜயலட்சுமி துப்பறியும் நிலையம் என்று இருக்கும். துப்பறிவது அவள். வண்டி ஓட்டுவது, வருகிறவர் பக்கம் மின்விசிறியைத் திருப்பி வைப்பது, யாரும் கேட்காததைச் சொல்வது எல்லாம் அவள் கணவனாகிய என் பொறுப்பு. அவள் இருபத்தாறு வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகக் கிடங்கு கிடங்காகப் போய், நனைந்த நெல், நனைந்த சர்க்கரை, நனைந்த உரம் என்று பார்த்து அறிக்கை எழுதியவள். நான் அதே இருபத்தாறு வருஷம் ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகம் நனையாமல் பார்த்துக்கொண்டவன். ஜாதகம் பார்த்தவர் இதைக் கவனிக்கவில்லை.

தியாகராசன் விஷயத்துக்கு வந்தார். நாகப்பட்டினம் சாலையில் பூவாத்தங்குடியில் அவருக்குப் பழைய காகிதக் கிடங்கு. ஊர் ஊராக வாங்கி வரும் காகிதத்தை அட்டை, செய்தித்தாள், நோட்டுத் தாள் என்று தரம் பிரித்து, இயந்திரத்தில் அழுத்திக் கட்டுகளாக்கி, மேற்கே ஒரு காகித ஆலைக்கு அனுப்புவார். வாரம் ஒரு லாரி, திங்கட்கிழமை காலையில். ஆலையில் பன்னிரண்டு சதவீதம் வரை ஈரத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். மீறினால் லாரி அப்படியே திரும்பிவிடும். இரண்டு மாதத்தில் நான்கு லாரி திரும்பிவிட்டது. நான்காவது நேற்று வந்து கிடங்கு வாசலில் நிற்கிறது. இன்னொன்று திரும்பினால் அடுத்த மாதம் முதல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக ஆலையில் சொல்லிவிட்டார்கள்.

நான்கையும் ஏற்றி அனுப்பியது கண்ணாத்தாள். பதினைந்து வருஷமாக அங்கே வேலை செய்கிறவள், இப்போது மேஸ்திரி. கிடங்குக்குப் பின்னால் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் சம்பா போட்டிருக்கிறாள். வயல் வேலைக்காக ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் கிடங்குக்கு வருவாள். அவள் வராத வாரங்களில் தியாகராசனின் அக்கா மகன் சூர்யபிரகாஷ் பார்த்துக்கொள்வான். அவன் ஏற்றிய நான்கு லாரியும் ஒழுங்காகப் போய் இறங்கின.

காரணமும் அவரிடம் தயாராக இருந்தது. ஆடியில் கட்டு அழுத்தும் பெரிய இயந்திரம் வந்தது. கையால் கட்டிக்கொண்டிருந்த ஆறு பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். கண்ணாத்தாள் அவர்களுக்காக வாதாடிப் பார்த்துத் தோற்றாள். அதிலிருந்துதான் இந்தத் தண்ணீர். பழிவாங்குகிறாள். புகார் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மறுநாள் காலை கொடுப்பதாக ஏற்பாடு.

அப்படியானால் எங்களிடம் ஏன் வந்தார் என்று விஜி கேட்டாள்.

"சாட்சி இல்லை மேடம். அவ ஊத்தினதை யாரும் பாக்கல. நீங்க பாத்துக் குடுக்கணும்."

"நடந்து முடிஞ்சதையா?"

"பாத்த மாதிரி."

விஜி டம்ளரை வைத்துவிட்டு, சாப்பாட்டைக் கட்டச் சொன்னாள். மூன்றடுக்கு டிபன் கேரியர். ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறாள் என்பதற்கு அதுதான் அடையாளம்.

புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு மாதமாக மழை இல்லை. இருபுறமும் பயிர் முழங்கால் உயரம். வழியெல்லாம் விஜி பின்னால் உட்கார்ந்து பயிரையே பார்த்துக்கொண்டு வந்தாள். அம்மாபேட்டை தாண்டியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஒரு பெண் மீது போலீஸ் புகார் போனால் அவளுக்கு அடுத்த வருஷம் யாராவது குத்தகைக்கு நிலம் கொடுப்பார்களா? கொடுக்க மாட்டார்கள் என்றேன். வேலையும் போய் நிலமும் போகும் என்றாள். 

*

கிடங்கில் முதலில் கண்ணில் பட்டது குற்றவாளிதான். காகிதக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தாள். நாளைக்குப் போலீஸுக்குப் போக வேண்டியவளை இன்றைக்கு நிறுத்தவில்லையா என்று கேட்டேன். நிறுத்தினால் தரம் பிரிக்க ஆள் இல்லை என்றார் தியாகராசன்.

அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே விஜி கொஞ்ச நேரம் நின்றாள். கண்ணாத்தாளுக்கு மீட்டர் கிடையாது. ஒவ்வொரு தாளையும் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஓரத்தில் ஒரு கிழி கிழிப்பாள். காய்ந்த தாள் சத்தம் போடும். ஈரத்தாள் சத்தமில்லாமல் பிரியும். சத்தம் போட்டது ஒரு பக்கம், போடாதது வெயிலுக்கு. கை நிற்கவேயில்லை.

மீட்டர் தியாகராசனிடம் இருந்தது. துப்பாக்கி மாதிரி ஒன்று, முனையில் இரண்டு ஊசி. மூன்றடுக்காக ஏற்றி வைத்திருந்த கட்டுகளில் கைக்கு எட்டிய மேல்கட்டு ஒன்றில் குத்திக் காட்டினார். ஒன்பதரை. அடிக்கட்டில் பார்ப்பீர்களா என்று விஜி கேட்டாள். அதற்குக் குனிய வேண்டும் என்றார். விஜி மீட்டரை வாங்கிக் குனிந்து குத்தினாள். பத்து. தரையைக் கையால் தடவினாள். காய்ந்து கிடந்தது. மூலையில் ஒரு சாக்கு உமி இருந்தது. காகிதக் கிடங்கில் உமி எதற்கு என்றாள். தூசி அடங்குவதற்காக லோடு போனதும் கண்ணாத்தாள் தரையில் தூவுவாள் என்றார். தூவியதில் ஒரு பிடியை விஜி அள்ளி என் கையில் கொட்டினாள். எனக்குப் புரியவில்லை. பிடித்துக்கொண்டு நின்றேன்.

வாசலில் லாரி. ஓட்டுநர் ஹாஜா மைதீன், கூத்தாநல்லூர்க்காரர், நிழலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் தான் ஊற்றவில்லை என்றார். நாங்கள் கேட்கவே இல்லை என்றேன்.

"எப்படியும் கேப்பீங்க சார். தார்ப்பாயை அவுத்து, மேல ஏறி, தண்ணி ஊத்தி, திரும்பக் கட்டணும். எனக்கு முட்டி வலி. ஊத்துறவனா இருந்தா கீழயே ஊத்தியிருப்பேன்."

ஆலையில் எப்படிப் பார்க்கிறார்கள் என்று விஜி விசாரித்தாள். தார்ப்பாயை விலக்கி மேலே கிடக்கும் கட்டுகளில் குத்துவார்கள், ஈரம் காட்டினால் அத்தோடு சரி, வண்டியைத் திருப்பு என்பார்கள் என்றார் ஹாஜா மைதீன். அவர் ஒரு தடவை ஆத்திரத்தில் கீழே இருந்த கட்டுகளில் கையை விட்டுப் பார்த்தாராம். சருகாகக் காய்ந்திருந்தனவாம்.

விஜி என்னை மேலே ஏறச் சொன்னாள். எனக்கும் முட்டி உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். ஏறினேன். மேல்கட்டுகள் கனத்துக் கிடந்தன. ஒன்றின் பக்கவாட்டில் கையை விட்டபோது ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தேன். உமி. கட்டின் ஒரு முகம் முழுக்க, மாவில் புரட்டிய அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த கட்டிலும் இருந்தது. கீழடுக்கில் தேடினேன், ஒரு மணி இல்லை.

இறங்கி வந்து இரண்டு கையிலும் உமியோடு நின்றேன். எது தரையில் எடுத்தது, எது லாரியில் எடுத்தது என்று எனக்கே தெரியவில்லை. அதுதான் வேண்டும் என்றாள் விஜி.

*

டிபன் கேரியரை லாரியின் படியில் வைத்துத் தியாகராசனை அழைத்தாள். மேலே ரசம் சாதம், நடுவில் பொரியல், அடியில் தயிர் சாதம். இது உங்கள் கிடங்கில் இருக்கும் அடுக்கு என்றாள். மேலே இருந்த பாத்திரத்தை எடுத்துப் படியில் தனியாக வைத்தாள். அதன் மேல் நடுவில் இருந்தது. அதன் மேல் அடியில் இருந்தது. இது லாரி என்றாள். தயிர் சாதம் உச்சிக்கு வந்துவிட்டது.

"நீங்க இங்க மேல குத்திப் பாக்கறீங்க. அவங்க அங்க மேல குத்திப் பாக்கறாங்க. ரெண்டும் ஒரே கட்டு இல்லை. உங்க அடிக்கட்டுதான் அங்க மேல்கட்டு."

தியாகராசன் தயிர் சாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்ததையும் சொன்னாள். திங்கட்கிழமை காலை கண்ணாத்தாள் வேலைக்குத் திரும்பியதும் ஏற்றுவது யார் அடுக்கிய கட்டு? போன வாரம் முழுக்க அடுக்கி வைத்தது. போன வாரம் அவள் இல்லை. அவள் தன் வாரத்தில் அடுக்கி வைப்பதைத்தான் அடுத்த திங்கட்கிழமை சூர்யபிரகாஷ் ஏற்றி அனுப்புகிறான். அது நான்கும் ஒழுங்காகப் போய் இறங்கியது. திரும்பி வந்த நான்கும் அவள் இல்லாதபோது நனைந்தவை.

"அப்ப சூர்யாவா?" என்று கேட்ட தியாகராசன் உடனே தலையை ஆட்டினார். அவன் அப்படிப்பட்ட பையன் இல்லை, எம்.பி.ஏ. படித்தவன், ஆதாரம் இல்லாமல் ஒருவனைச் சொல்லக் கூடாது, பார்த்தவர் யாராவது இருக்கிறார்களா என்றார். சட்டைப் பையில் இருந்த புகாருக்கு இந்தச் சந்தேகம் ஒன்றும் வந்ததில்லை.

சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று விஜி டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு கிடங்கின் பின்பக்கம் போனாள். அங்கே பனஞ்சட்டங்கள் அடுக்கிக் கிடந்தன. கறுத்து, கனமாக, நல்ல வயிரம் பாய்ந்த சட்டங்கள். அவற்றின் மேல் கோழி மேய்ந்துகொண்டிருந்தது. இது என்ன என்றாள். அப்பா காலத்தில் இது நெல் கிடங்காக இருந்தது, மூட்டைக்கு அடியில் போட்ட சட்டம் என்றார் தியாகராசன். அவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். அப்பா போனபின் ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்து காகிதத் தொழில் ஆரம்பித்தபோது எடுத்து வெளியே போட்டுவிட்டார்.

"நெல்லு தரையில படக் கூடாது. குப்பைக்கு யாராவது சட்டம் போடுவாங்களா மேடம்?" என்று சிரித்தார்.

விஜி சிரிக்கவில்லை. சட்டத்தின் மேல் உட்கார்ந்து, கண்ணாத்தாளை மட்டும் அனுப்பச் சொன்னாள்.

காத்திருந்தபோது நான் சுற்றிப் பார்த்தேன். வடக்கே ஒரு வாய்க்கால் வந்து கிடங்குச் சுவரில் முட்டி நின்றது. தெற்கே, சுவருக்கு இந்தப் பக்கம், ஒரு வாய்க்கால் ஆரம்பித்து வயலுக்குள் போனது. இரண்டிலும் சேறு இன்னும் காயவில்லை. நடுவில் கிடங்கு. விஜியிடம் காட்டினேன். உங்களுக்கு இப்போதுதான் தெரிந்ததா என்பது போல ஒரு வாய் தயிர் சாதம் சாப்பிட்டாள்.

கண்ணாத்தாள் வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். முந்தானையைச் செருகியிருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"உமி எதுக்கு கண்ணாத்தா?"

"தூசி அடங்கும்மா."

"தூசிக்குத் தண்ணி தெளிப்பாங்க. ஈரத்துக்குத்தான் உமி தூவுவாங்க."

அவள் காலில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டாள்.

"ஒரு தாளைக் கிழிச்சா ஈரம் உன் காதுக்குத் தெரியும். நாலு லாரியும் தெரியாமலா ஏத்தினே?"

அவள் என்னைப் பார்த்தாள். விஜி, இவர் என் வீட்டுக்காரர்தான், எதையும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவர், தைரியமாகப் பேசு என்றாள். இதை நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு அவள் சொன்னது இவ்வளவுதான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பழைய ஐயா, தியாகராசனின் அப்பா, நஞ்சையை மண் கொட்டி மேடாக்கிக் கிடங்கு கட்டினார். குறுக்கே போன வாய்க்காலில் சிமெண்டுக் குழாய் பதித்து மேலே தரை போட்டார். மண் சுமந்தவர்களில் கண்ணாத்தாளும் ஒருத்தி. அந்தக் குழாய் வழியாகத்தான் இன்றைக்கும் தெற்கே பதினோரு குடும்பத்து வயலுக்குத் தண்ணீர் போகிறது. இந்த வருஷம் முறை வைத்து விடுகிறார்கள், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். தண்ணீர் வரும் வாரம் அவள் வயலில் மடையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குத்தான் லீவு. ஆடியில் நான்கு டன் இயந்திரத்தைக் குழாய்க்கு மேலேயே இறக்கினார்கள். தரைக்கு அடியில் ஏதோ விரிசல் விட்ட சத்தம் அவளுக்குக் கேட்டது. மற்றவர்கள் இயந்திரத்துக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்து தண்ணீர் வந்த வாரம் முடிந்து திங்கட்கிழமை வந்து கட்டுகளைத் தூக்கியபோது அடியில் தரை மினுமினுத்தது. யாரும் பார்ப்பதற்குள் உமியைத் தூவிவிட்டாள். அவளுடைய வாரத்தில் வாய்க்கால் காய்ந்துவிடும், தரையும் காய்ந்துவிடும்.

ஆக, அவளை வயலுக்கு அனுப்பிய தண்ணீர்தான், அவள் இல்லாத நேரத்தில் இங்கே வந்து அவள் பெயரைக் கெடுத்திருக்கிறது.

முதலாளியிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா குழாயை அடைச்சிருவாரு சார். ரெண்டு மூட்டை மண்ணு போதும். இப்ப பயிரு தூர் கட்டுற நேரம்."

அது அரசாங்க வாய்க்கால், புறம்போக்கு, அடைக்க யாருக்கும் உரிமை இல்லை என்று நான் விளக்க ஆரம்பித்தேன். விஜி கையைக் காட்டி நிறுத்தினாள். மனு தாசில்தார் மேஜைக்குப் போய்ச் சேர்வதற்குள் பயிர் கருகிவிடும், அது உங்களுக்குத் தெரிகிற மாதிரி அவளுக்கும் தெரியும் என்றாள்.

கண்ணாத்தாள் முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டாள்.

"போலீஸ்ல எத்தனை நாளும்மா வெப்பாங்க? பொங்கல் வரைக்கும் வெக்க மாட்டாங்கல்ல? அறுப்புக்கு ஆளு வேணும்."

விஜி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கையைக் கழுவினாள். குறிப்பு நோட்டில் ஏதோ எழுதினாள். என் கையில் ஒட்டியிருந்த உமி ஒன்று அந்தப் பக்கத்தில் விழுந்தது. தட்டிவிடாமல் நோட்டை மூடினாள்.

"நான் உன்னைக் காட்டிக் குடுக்கல. ஆனா ஒரு சத்தியம் வேணும். மேட்டூர் அணையை மூடின மறுநாள் நீயே போய் அவர்கிட்ட சொல்லணும். குழாய் இருக்கு, உடைஞ்சிருக்குன்னு. பயிர் நிக்கும்போது நம்மால வாதாட முடியாது. அறுத்துட்டா உனக்கும் நேரம் இருக்கும், அவருக்கும் இருக்கும். கிராம வரைபடத்தோட நகல் நான் வாங்கி அனுப்பறேன். பதினோரு பேர் கையெழுத்து நீ வாங்கி வை."

கண்ணாத்தாள் விஜியின் ஈரக் கையில் கையடித்துச் சத்தியம் செய்தாள்.

*

தியாகராசன் இயந்திரத்துக்குப் பக்கத்தில், சரியாகக் குழாய்க்கு மேலே, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குற்றவாளி யார் என்றார்.

"தரை" என்றாள் விஜி.

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். அன்றைக்கு அவர் குனிந்தது அப்போதுதான்.

விஜி அறிக்கை மாதிரியே சொன்னாள். நஞ்சையை மூடிப் போட்ட தரை. வாய்க்காலில் தண்ணீர் வரும் வாரம் அடியிலிருந்து ஈரம் ஏறும். அடிக்கட்டு உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் நின்ற வாரம் தரை காய்ந்துவிடும், அதனால் பார்க்கிறவருக்குத் தெரியாது. ஆறு வருஷமாக ஏறாதது இப்போது ஏன் ஏறுகிறது என்று அவர் சரியாகவே கேட்டார். ஆறு வருஷமாக இங்கே நான்கு டன் இயந்திரம் இல்லை, அது இறங்கியதில் தரை விரிசல் விட்டிருக்கிறது என்றாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

வைத்தியமும் சொன்னாள். பின்னால் கோழி மேய்கிற பனஞ்சட்டங்களைக் கழுவிக் காயவைத்துக் கட்டுகளுக்கு அடியில் போட வேண்டும். தரைக்கும் காகிதத்துக்கும் நடுவில் காற்று ஓட வேண்டும். குனிந்து அடிக்கட்டிலும் மீட்டர் குத்த வேண்டும். அவ்வளவுதான்.

"காகிதத்துக்கா சட்டம்?" என்றார் தியாகராசன். அப்பாவின் நெல்லுக்குப் போட்டதைப் போய்க் குப்பைக்குப் போடுவது அவருக்கு மனத்தாங்கலாக இருந்தது. பிறகு வாசலில் நின்ற லாரியைப் பார்த்தார். சூர்யபிரகாஷ் இதில் இல்லை என்றதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. கண்ணாத்தாளும் இதில் இல்லை என்று விஜி ஞாபகப்படுத்தினாள். ஆமாம் ஆமாம் என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாய்க்கு வரவில்லை. சட்டைப் பையிலிருந்து புகாரை எடுத்து, நான்காக மடித்தபடியே, காகிதக் குவியல் பக்கம் எறிந்தார்.

அது கண்ணாத்தாளின் மடியருகே விழுந்தது. எடுத்தாள். பிரித்தாள். படித்தாளா என்று தெரியவில்லை. காதுக்குப் பக்கத்தில் வைத்து ஓரத்தில் ஒரு கிழி கிழித்தாள். நன்றாகச் சத்தம் போட்டது. எழுதிய வெள்ளைத் தாள் போகும் குவியலில் அதைப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

திரும்பும் வழியில், பாதியை மறைத்துவிட்டாயே, இது துப்பறிவதில் சேருமா என்று கேட்டேன்.

"ஊத்தினது யாருன்னுதானேங்க கேட்டாரு. யாரும் ஊத்தலை" என்றாள் பின்னாலிருந்து.

அதன்பின் லாரி திரும்பவில்லை. சட்டம் போட்டது தன் யோசனை என்று தியாகராசன் ஊரில் சொல்லிக்கொள்வதாக ஹாஜா மைதீன் ஒரு நாள் போகிற வழியில் வந்து சொன்னார். விஜி அதை வெகுவாக ரசித்தாள். வரைபடத்தின் நகலைக் கார்த்திகையில் பதிவுத் தபாலில் அனுப்பினோம். மார்கழி பதினெட்டாம் தேதி விஜி இறந்துபோனாள்.

தை மாதம் மேட்டூரை மூடினார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுடைய ஃபோன் அடித்தது. அதை நான் சார்ஜ் இறங்காமல் வைத்திருந்தேன். தியாகராசன்.

மேடத்திடம் கொடுங்கள் என்றார். என்னிடம் சொல்லுங்கள் என்றேன். கண்ணாத்தாள் விடிந்ததும் வந்து நிற்கிறாளாம். கையில் ஒரு படம், பதினோரு கையெழுத்து. இயந்திரத்துக்கு அடியில் குழாய் ஓடுகிறது, உடைந்திருக்கிறது, ஆடியிலிருந்தே தெரியும் என்கிறாளாம். படத்தில் அவர் கிடங்குக்கு நடுவே வாய்க்கால் போகிறதாம்.

"மேடத்துக்கு இது தெரியுமா சார்?"

"அவங்க தரைன்னுதான் சொன்னாங்க. தரைக்கு அடியில பாக்கறது வேற கேஸ்."

அந்தப் பக்கம் படத்தை விரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, இப்போது என்ன செய்வது என்றார். விஜியின் நோட்டில் உமி இருந்த பக்கத்தைத் திருப்பினேன். அவள் அன்றைக்கே எழுதியிருந்தாள். படித்தேன். இயந்திரத்தை எட்டடி கிழக்கே நகர்த்தவும். புதுக் குழாய் பதிக்கவும். ஆனிக்குள் முடிக்கவும். கண்ணாத்தாளை நிறுத்த வேண்டாம், குழாய் போகும் தடம் அவளுக்குத்தான் தெரியும்.

அவர் முனகினார். அப்பாவைக் குறை சொன்னார், இயந்திரக்காரனைக் குறை சொன்னார். கடைசியில், கையெழுத்தெல்லாம் வாங்கிவிட்டாள், வேறு என்ன வழி, தோண்டத்தான் வேண்டும் என்றார். தோண்டும் அன்றைக்கு மேடம் ஒரு நடை வந்து பார்த்தால் நன்றாக இருக்கும் என்றார்.

வெளியே போயிருக்கிறாள், வந்ததும் சொல்கிறேன் என்றேன். அந்த வழக்கில் எங்கள் தரப்பில் சொல்லப்பட்ட ஒரே பொய் அது.

ஃபோனைத் திரும்பச் சார்ஜில் போட்டேன்.